இருநூறு பார் தவசிமுத்து

தூத்துக்குடியில் காற்றுக்குப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் சிரிப்பீர்கள். கடல் காற்று வேட்டியைத் தூக்கி முகத்தில் அடிக்கிற ஊர் இது. ஆனால் உப்பளத்து ஓரமாக இருக்கும் துப்பாக்கிக் கழகத்தில், அந்தச் சனிக்கிழமை சாயங்காலம், நிஜமாகவே காற்று தீர்ந்துபோயிருந்தது.

அங்கே சுடுவது காற்றுத் துப்பாக்கி. குழலுக்கு அடியில் ஒரு சின்ன உருளை இருக்கும். அதில் இருநூறு பார் அழுத்தத்துக்குக் காற்றை அடைத்தால்தான் குண்டு ஒழுங்காகப் பாயும். லாரி டயரில் இருப்பதைப் போல இருபது மடங்குக்கு மேல். பெட்ரோல் பங்கில் போய் நின்றால் சிரித்து அனுப்பிவிடுவார்கள். இத்தனை நாளும், கடலில் மூழ்குகிறவர்கள் முதுகில் கட்டுகிற பெரிய சிலிண்டர் ஒன்றை வெளியே கொடுத்து நிரப்பி வந்து, அதிலிருந்து ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிலிண்டருக்குச் சோதனைக் கெடு முடிந்துவிட்டது. மறுபடி சோதித்து முத்திரை வாங்கி வராமல் நிரப்ப முடியாது என்று அங்கே கையை விரித்துவிட்டார்கள். அது நியாயம்தான். ஆனால் மறுநாள் காலையில் மாவட்டத் தேர்வுப் போட்டி. பியூலாவின் உருளையிலோ நாலு குண்டுக்குக்கூடக் காற்று இல்லை.

பியூலா ஆஸ்பத்திரியில் நர்ஸ். நைட் டூட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, பகலில் தூங்க வேண்டிய நேரத்தில் வந்து சுட்டுப் பழகியவள். நாளைக்கு ஜெயித்தால் மாநில அணி. துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு, பேசுகிற ஆண்களின் வாயையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேசியவர்கள் மூன்று பேர். செயலாளர் ஆவுடையப்பன், மருந்துக்கடைக்காரர். சுடலைமணி, மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவன். மூன்றாவது ஆள் தவசிமுத்து அண்ணாச்சி. புதுச் சிலிண்டர் வாங்குவதா, கழகத்துக்கே சொந்தமாக ஒரு கம்ப்ரெசர் போடுவதா, இல்லை மூலையில் நிற்கிற கைப்பம்பை வைத்தே ஓட்டுவதா என்பதுதான் பேச்சு.

அண்ணாச்சிக்குக் கம்ப்ரெசர் வேண்டும். சரியாகச் சொன்னால், கம்ப்ரெசர் அறையின் சாவி வேண்டும். துறைமுகத்தில் அவர் கிரேன் ஓட்டிய காலத்தில் கப்பல்களே அவர் கையசைவுக்குக் காத்துக் கிடந்தன. ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் டிவி ரிமோட்கூட அவர் கைக்கு வருவதில்லை. அந்தச் சாவி மட்டும் இடுப்பில் தொங்கட்டும், காற்று வேண்டும் என்கிறவன் எல்லாம் "அண்ணாச்சி" என்று வாசலில் வந்து நிற்பான். நினைக்கும்போதே அவருக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"மெஷின் வாங்குதது பெரிசில்ல அண்ணாச்சி" என்றார் ஆவுடையப்பன். "அதக் கட்டி மேய்க்கணுமே. ஓடும்போது அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா உள்ள சேருத தண்ணியத் தொறந்து விடணும், பில்டர் மாத்தணும், எண்ணெய் பாக்கணும். உங்களுக்கு இதுல பழக்கம் உண்டா?"

"உண்டு" என்ற ஒரே சொல்லோடு நிறுத்தியிருந்தால் சாவி அப்போதே கைக்கு வந்திருக்கும். ஆனால் அண்ணாச்சி ஒரு சொல்லோடு நிறுத்தியதாக வரலாறு கிடையாது.

"பழக்கமாவது! காத்துல தண்ணி கலந்தா என்ன ஆவும்னு என்கிட்டக் கேளும். ஒருக்கா குத்தாலத்துக்குப் போனேன். சீசன் காத்து சொகமா இருக்கேன்னு, பில்டர் இல்லாம அப்பிடியே சிலிண்டர்ல அடச்சிட்டு வந்துட்டேன். இங்க வந்து சுட்டா, ஒவ்வொரு குண்டுக்குப் பின்னாலயும் சாரல் அடிக்கி! முன்னால நின்ன ஆளு குடை பிடிச்சிட்டு நின்னாரு."

"சுடுத துப்பாக்கிக்கு முன்னால அவருக்கு என்ன சோலி?" என்று கேட்டான் சுடலைமணி.

"பக்கவாட்டுல நின்னாருல. குறுக்கப் பேசாத. ஜனமெல்லாம் துண்டும் சோப்புமா வந்து வரிசை கட்டிட்டு. இது சரிப்படாதுன்னு, சித்திரை மாசம் உச்சி வெயில்ல நம்ம உப்பளத்து நடுவுல நின்னு காத்துப் பிடிச்சேன். ஈரம்ங்கிற பேச்சே கெடையாது, அப்பிடி ஒரு வறட்டுக் காத்து. அதுல சுட்ட குண்டு குறி அட்டையில பட்டதும் என்ன கேட்டுதுங்கிய? குடிக்கத் தண்ணி கேட்டுதுவே!"

ஆவுடையப்பன் சிரிக்கவில்லை. மருந்துச் சீட்டைப் படிக்கிற முகத்தோடு, "நல்ல அனுபவம்தான்" என்றார். "நாளைக்கு ஓட்டுத நேரத்துல கரண்டு போயிட்டா?"

"கரண்டு எதுக்குங்கேன்? ஆடி மாசம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குச் சிலிண்டரத் தூக்கிட்டுப் போனேன். வாயத் தொறந்து மேக்க பாத்துப் பிடிச்சேன். ஒரே வீச்சு! அழுத்தம் காட்டுத முள்ளு முந்நூறத் தொட்டுட்டு. திரும்பிப் பாக்கேன், மலையடிவாரத்துல கரண்டு எடுக்குத காத்தாடி பூராவும் நின்னுபோயிருக்கு. காத்த எல்லாம் நான்தான பிடிச்சிட்டேன்! சுத்துவட்டாரத்துல ஒரு வீட்டுல லைட்டு இல்ல. கரண்டு ஆபீசரு ஜீப்புல வந்து என் கையப் பிடிச்சிட்டாரு. 'அண்ணாச்சி, கொஞ்சமாவது தொறந்து விடுங்க, பிள்ளைகளுக்குப் பரிச்சை'ன்னு அழுதாரு. மனசு கேக்கல. ஒரு திருகு திருகி விட்டேன், எல்லாம் மறுபடி சுத்த ஆரம்பிச்சிட்டு."

"ஆடி மாசத்துல என்ன பரிச்சை அண்ணாச்சி?" என்றான் சுடலைமணி.

"அரியர் பரிச்சைல."

பியூலாவின் உதட்டில் ஒரு சிரிப்பு வந்து போனது. அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டார். அது போதும் அவருக்கு. கிரேன் கூண்டில் உட்கார்ந்திருந்தது போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சுடலைமணி விடுவதாக இல்லை. "அதெல்லாம் இருக்கட்டும். காத்து கசியாம மாட்டுத ரப்பர் வளையம், அந்த ஓ-ரிங்குக்கு என்ன போடுவிய? சாதா எண்ணெய் பட்டா, அந்த அழுத்தத்துல வெடிச்சிரும். சிலிகான் கிரீசுதான் போடணும்."

"எனக்கே பாடமா? வெடிச்சா என்ன ஆவும்னு பாத்தவன்ல நான். ஒரு கூறுகெட்ட பய இன்ஜின் ஆயிலத் தடவிட்டான். படார்னு வால்வு பிச்சிக்கிட்டு சிலிண்டர் கெளம்பிட்டு. கழகத்துச் சொத்து, விடுவனா? தாவி மேல உக்காந்துட்டேன். துறைமுகம் கீழ போவுது. முயல் தீவு கீழ போவுது. வல்லத்துல வலை இழுத்துட்டு இருந்தவன்லாம் வலைய விட்டுட்டுக் கையக் காட்டுதான். கொஞ்ச நேரத்துல எதுக்க இலங்கை தெரியுது. நம்மகிட்ட பாஸ்போர்ட்டு கெடையாது. என்ன செய்ய? ஓட்டைய உள்ளங்கையால ஒரு ஓரமா அமுக்கினேன். சிலிண்டரு வளைஞ்சு அப்பிடியே ஊரப் பாத்துத் திரும்பிட்டு. இந்தா, இந்த வாசல்லதான் வந்து எறங்கினேன். மிச்சம் இருந்த காத்துல அன்னைக்கு ரெண்டு பேரு சுட்டுப் பழகுனாங்க."

"வால்வே இல்லாத சிலிண்டர்ல மிச்சக் காத்து எப்பிடி நின்னுது?"

"கையால பொத்திட்டுல்லா வந்தேன்!"

சுடலைமணி தலையில் கையை வைத்துக்கொண்டான். ஆவுடையப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார்: "இந்தக் கைப்பம்பப் பத்தி என்ன நெனைக்கிய? கொஞ்சம் அடிச்சிட்டு, பம்பு ஆறுத மட்டும் சும்மா இருக்கணும். நூறு பாருக்கு மேல நாக்கு தள்ளிரும்னு சொல்லுதாவ."

அண்ணாச்சி ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டிய இடம் இதுதான். ஆமாம், கைப்பம்பு மனுஷன் அடிக்கிற காரியமில்லை, அதனால்தான் மெஷின் வேண்டும் என்கிறேன் என்று சொல்லியிருந்தால் தீர்மானம் அவர் பக்கம். அவருக்கும் அது தெரியும். அந்த வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வரவும் வந்தது. ஆனால் தவசிமுத்துவுக்கு நாக்கு தள்ளும் என்று ஒருவர் சபையில் சொல்லிவிட்டாரே!

"யாருக்கு, எனக்கா நாக்கு தள்ளும்? எடது கையால பம்பு அடிச்சிட்டே வலது கையால பேப்பர் படிக்கிறவன்வே நான். ஆற வைக்கிற பேச்சே கெடையாது. பம்பு கொதிக்கும். என் வீட்டுக்காரி அதுலயே தோசை ஊத்திருவா. இதாவது பரவாயில்ல. ஒருக்கா துறைமுகத்துல ஒரு கப்பலு தரை தட்டி நின்னுட்டு. இழுவைப் படகு நாலு வந்து இழுத்தும் அசையல. நான் கைப்பம்பக் கொண்டுபோயி, கப்பலுக்குள்ள ரப்பர் கொழாயச் சொருகி அடிச்சேன். மெதுவா எழும்பி மெதந்துட்டு. இன்னும் நாலு அடி அடிச்சிருந்தா பறந்திருக்கும்! கேப்டன் கும்பிட்டுக் கேட்டுக்கிட்டாரு, அதான் நிறுத்துனேன். மெஷின் என்னவே மெஷின்? நானே ஒரு கம்ப்ரெசர்!"

சொல்லி முடித்து அண்ணாச்சி மார்பைத் தட்டிக்கொண்டார்.

ஆவுடையப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அப்பம் நமக்கு மெஷின் எதுக்கு?" என்றார். "கம்ப்ரெசர் வேண்டாம். காத்துப் பொறுப்பு முழுசும் தவசிமுத்து அண்ணாச்சிக்கு. பம்பு அவங்க கையில. சம்மதம்னா கையத் தூக்குங்க."

சுடலைமணி இரண்டு கையையும் தூக்கினான். "பராமரிப்பு நான் பாத்துக்கிடுதேன் செயலாளரே. அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா வேர்வையத் தொடச்சு விட்டா போதும்லா?"

அண்ணாச்சிக்குத் தோள்பட்டை வலி ஒன்று திடீரென்று ஞாபகம் வந்தது. அதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் பியூலா எழுந்து போய்ப் பம்பைத் தூக்கி வந்துவிட்டாள். அவர் முன்னால் நிறுத்தி, குழாயைத் தன் உருளையில் மாட்டினாள். "காலையில தேர்வு அண்ணாச்சி. உங்களத்தான் நம்பியிருக்கேன்" என்றாள். அவள் முகத்தில் கேலி இல்லை. கேலியாக இருந்தால் சமாளித்திருப்பார். இப்போதோ வெட்கமாக இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தார்.

முதலில் சுலபமாகத்தான் போயிற்று. எண்பது பார் தாண்டியதும் கைப்பிடி முறைத்துக்கொண்டது. நூறு தாண்டியதும் உடம்பு முழுவதையும் அதன் மேல் போட்டுத் தொங்கினார். பம்பு சூடானபோது நிறுத்தி ஆறவிட்டார்கள். பம்பை மட்டுமல்ல. சுடலைமணி வாக்குத் தவறாமல் துடைத்துவிட்டான். தோசை ஊற்றுகிற பேச்சை யாரும் எடுக்கவில்லை. நூற்றைம்பதில் அண்ணாச்சியின் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"நாளைக்குச் சுடுத அறுபது குண்டுக்கு இது போதுமா தாயி?"

"பழகிப் பாக்குத குண்டும் இருக்குல்லா. இன்னும் கொஞ்சம் அண்ணாச்சி."

அவர் கைப்பிடியில் சாய்ந்து மூச்சு வாங்கினார். மூச்சு திரும்பியதும் பழக்கமும் திரும்பியது. "இதெல்லாம் என்ன பெரிய அடி? இப்பிடித்தான் ஒருக்கா ஒரு ரஷ்யாக் கப்பல்ல..."

பியூலா முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "அண்ணாச்சி, வாய மூடிட்டு அடிங்க. காத்து அங்கதான் லீக்காவுது."

அண்ணாச்சி வாயை மூடினார். முள் ஏறியது.