செலவு எழுதாத கணக்கு

முன்னொரு காலத்தில், அது எந்தக் காலம் என்று என்னைக் கேட்காதீர்கள், மகுடவர்மன் என்று ஒரு ராஜா இருந்தான். நல்லவன்தான். வாள் வீசுவான், குதிரை ஏறுவான், யாராவது கவி பாடினால் சரியான இடத்தில் தலையாட்டுவான். கணக்கு மட்டும் தெரியாது. ஒருநாள் காலையில் அதையும் கற்றுக்கொண்டுவிடலாம் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. அரண்மனைக் கணக்கர் ஏகாம்பரத்தை அழைத்து, "மதியச் சாப்பாட்டுக்குள் எனக்குக் கணக்கு முழுவதும் வந்துவிட வேண்டும்" என்றான்.

ஏகாம்பரம் முதலில் வரவைப் படித்தார். நெல் வந்தது, நெய் வந்தது, மிளகு வந்தது. ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது. அடுத்துச் செலவைப் படித்தார். வந்ததெல்லாம் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருந்தது. ராஜாவின் முகம் சுண்டிவிட்டது.

"நிறுத்தும். இனி என் கணக்கில் வரவு மட்டும்தான் இருக்க வேண்டும். செலவு என்று ஓர் எழுத்துகூட இருக்கக் கூடாது."

"அரசே, செலவை எழுதாவிட்டால் களஞ்சியத்தில் உள்ள இருப்போடு கணக்கு ஒத்துப்போகாதே."

"ஒத்துப்போக வேண்டும். அதற்குத்தானே உமக்குச் சம்பளம்?"

"என்னால் முடியாது அரசே" என்று உள்ளதைச் சொன்னார் ஏகாம்பரம். அதற்காக அவரைச் சிறையில் போட்டார்கள்.

சபையில் இதைக் கேட்டு உள்ளூரச் சந்தோஷப்பட்டவர் பொக்கிஷ அதிகாரி பரமானந்தர். களஞ்சியத்துச் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கியது. போவதை எழுதாத அரண்மனையில் சாவி வைத்திருப்பவருக்கு என்ன குறை? போதாததற்கு, சபை விதூஷகன் சடையாண்டியைக் கண்டாலே அவருக்கு ஆகாது. ராஜாவைச் சிரிக்க வைத்தே ஒருவன் தமக்குச் சமமாக உட்காருகிறானே என்ற வயிற்றெரிச்சல்.

"மன்னர் பெருமானே, இத்தகைய கணக்கை எழுத வல்லவர் சடையாண்டி ஒருவரே. அவர் எழுதட்டும். மாத முடிவில் கணக்கும் களஞ்சியமும் ஒத்துப்போகாவிட்டால் அவரும் ஏகாம்பரமும் நாட்டைவிட்டே போகட்டும்" என்றார்.

சடையாண்டி எழுந்தான். "ஒத்துப்போனால் ஏகாம்பரத்தை விட்டுவிடுவீர்களா அரசே?"

"விட்டுவிடுகிறேன்."

"அப்படியானால் எழுதுகிறேன்."

மறுநாள் மதியம் ராஜா சாப்பிட உட்கார்ந்தான். வாழை இலை இருந்தது, தண்ணீர் தெளித்திருந்தது, வேறொன்றும் இல்லை.

"சோறு எங்கே?"

"களஞ்சியத்தில் பத்திரமாக இருக்கிறது அரசே. வெளியே எடுத்தால் செலவாகிவிடும் என்று கதவைச் சாத்தச் சொல்லிவிட்டேன்" என்றான் சடையாண்டி.

ராஜாவுக்குக் கோபம் பாதி, சிரிப்பு பாதி. "செலவு செய்யாதே என்றா சொன்னேன்? எழுதாதே என்றுதானே சொன்னேன்."

"வரவை எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாமா?"

"எத்தனை எழுதினாலும் எனக்குச் சந்தோஷமே. முதலில் சோறு வரட்டும்."

சடையாண்டிக்கு அந்த ஒரு வார்த்தை போதும். அன்றே அரண்மனையிலிருந்து எதையாவது வாங்கும் ஒவ்வொருவருக்கும் ஓர் ஓலை போட்டான். சமையற்கட்டுக்கு நெல் போனால் அரண்மனை ஓலையில் அவன் எதுவும் எழுதுவதில்லை. சமையற்கட்டு ஓலையில் 'நெல் வரவு' என்று எழுதினான். வண்ணாத்திக்குக் கூலி போனால் வண்ணாத்தி ஓலையில் வரவு. கேட்கும்போது சாதாரணமாகத்தான் தெரியும். ஆனால் ஒரு கையை விட்டுப் போவது இன்னொரு கைக்கு வந்துதான் தீர வேண்டும் என்று கண்டுகொள்ள ஒரு தலை வேண்டுமல்லவா? அந்தத் தலை அவனுக்கு இருந்தது. எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும்.

அந்த மாதம் பரமானந்தர் வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம். களஞ்சியத்துப் பின்கதவு வழியாக நெய்க்குடங்கள் வண்டி ஏறி அவர் வீட்டுக்குப் போயின. செலவை எழுத ஆளில்லை, குறைந்தால் சடையாண்டி தலையில் விழும் என்பது அவர் எண்ணம். ராஜாவே போய் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்தான்.

மாதம் முடிந்தது. ஏகாம்பரத்தைச் சிறையிலிருந்து அழைத்துவந்து சபையில் நிறுத்தினார்கள். தாடி வளர்ந்து ஆள் பாதியாகியிருந்தார். வாசலில் அவர் மனைவி, எதற்கும் இருக்கட்டும் என்று துணிமூட்டையோடு நின்றுகொண்டிருந்தாள். சடையாண்டி ஓலைக்கட்டைப் பிரித்தான்.

"சமையற்கட்டுக்கு நெல் வரவு."

"வந்துச்சு சாமி" என்றார் தலைமைச் சமையல்காரர்.

"பட்டத்து யானைக்கு வெல்லம் வரவு."

"வந்துச்சுங்க. தின்னுட்டு இன்னும் கேக்குது" என்றான் யானைப்பாகன்.

"வண்ணாத்திக்குக் கூலி நெல் வரவு."

"வந்துச்சு மகராசா. பதரு கலந்திருந்துச்சு, அதையும் எழுதிக்கிட்டாரு."

வரவு வரவு என்று கேட்கக் கேட்க ராஜாவுக்கு ஆனந்தம். ஆனாலும் ஒரு சந்தேகம் வந்தது. "இதெல்லாம் அவர்களுடைய வரவு. என் கணக்கு எங்கே?"

"இதுதான் அரசே தங்கள் கணக்கு. தங்களிடமிருந்து போனது எதுவும் காற்றில் கரைந்துவிடவில்லை. ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்கு வரவாகியிருக்கிறது. தங்களுக்கு வந்ததில் இவர்களுக்கு வந்ததைக் கழித்தால், மிச்சம் களஞ்சியத்தில் இருக்க வேண்டும்."

ஆட்கள் போய் அளந்தார்கள். நெல் ஒத்துப்போனது. மிளகு, வெல்லம், எல்லாம் ஒத்துப்போயின. நெய் மட்டும் வண்டிக்கணக்கில் குறைந்தது.

பரமானந்தர் எழுந்தார். "பார்த்தீர்களா மன்னா, கணக்கு உதைக்கிறது. சொன்ன தண்டனையை நிறைவேற்றுங்கள்."

ஏகாம்பரம் கண்ணை மூடிக்கொண்டார்.

"கணக்கு உதைக்கவில்லை அரசே, ஓர் ஓலை பாக்கி இருக்கிறது" என்றான் சடையாண்டி. "நெய் போயிருக்கிறது. 'எனக்கு வந்தது' என்று சொல்லத்தான் ஆள் வரவில்லை. அது கிடக்கட்டும். நம் பரமானந்தர் வீட்டுக் கல்யாணத்தில் ஊரே நெய்யில் குளித்ததே, அந்த நெய்யை யாரிடம் வாங்கினார் என்று கேளுங்கள். விற்றவருக்குப் பணம் வரவாகியிருக்கும். பெயரைச் சொன்னால் அவருக்கும் ஓர் ஓலை போட்டுவிடுகிறேன்."

"சந்தையில் வாங்கினேன்" என்றார் பரமானந்தர்.

"சந்தையில் யாரிடம்?"

பரமானந்தர் வாயைத் திறந்தார். எந்தப் பெயரைச் சொன்னாலும் அந்த ஆள் சபைக்கு வந்து 'வந்துச்சு' என்று சொல்லியாக வேண்டும். திறந்த வாய் அப்படியே நின்றது.

"அரசே, தங்கள் வீட்டிலிருந்து போன நெய்யை வாங்கியவர் இல்லை. இவர் வீட்டுக்கு வந்த நெய்யைக் கொடுத்தவர் இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்."

ராஜா பார்த்தான். முதலில் மீசை துடித்தது. பிறகு ஏதோ ஞாபகம் வந்து விழுந்து விழுந்து சிரித்தான். "அரண்மனை நெய்யைவிட உம் வீட்டு நெய் மணமாக இருக்கிறது என்று உம்மிடமே சொன்னேனே ஐயா. என் நெய்யை எனக்கே ஊற்றி நல்ல பெயர் வாங்கிவிட்டீரே."

சாவி அந்த இடத்திலேயே கைமாறியது. எடுத்த நெய்யை எல்லாம் பரமானந்தர் வாங்கி ஊற்ற வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிச் சடையாண்டியை அழைத்தான். அவன் வரவில்லை.

"இன்னும் ஒன்று படிக்கவில்லை அரசே, ஏகாம்பரத்தின் ஓலை. இந்த மாதம் இவரிடமிருந்து அரண்மனைக்கு உண்மை வந்தது. அரண்மனையிலிருந்து இவருக்குச் சிறைக்களி வந்தது. வேறு வரவு இல்லை."

ராஜா சிம்மாசனத்தைவிட்டு இறங்கிவந்து, மாலையை ஏகாம்பரத்தின் கழுத்தில் போட்டான். "ஐயா, என்மேல்தான் தப்பு" என்றான். வாசலில் நின்றவள் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு அழுதாள்.

"உனக்கு ஒன்றும் வேண்டாமா?" என்று கேட்டான் ராஜா.

"வேண்டும் அரசே. எழுதத்தான் ஓலை தீர்ந்துவிட்டது."

ராஜா மறுபடியும் சிரித்து, ஒரு கட்டுப் புது ஓலையும் ஒரு பை பொன்னும் கொடுத்தான். எழுத்தாணியை வாங்கி, ஏகாம்பரம் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்க, தன் ஓலையில் பொன் செலவு என்றும் சடையாண்டி ஓலையில் பொன் வரவு என்றும் தன் கையாலேயே எழுதினான். எழுத்து கோணல்மாணலாகத்தான் வந்தது. கணக்கு சரியாக இருந்தது.