நாய் படுத்த மண்டபம்

இந்தக் கதையை நான் பல வருஷமா நம்பல, தேனு. எங்க செல்லாயி அத்தை சொன்னது. இருந்தாலும் சொல்றேன், நீ ‘ம்’ கொட்டு.

ஒரு ஊர்ல ஒரு ஜமீன்தார். பகல்ல அவருக்குத் தூக்கமே வராது, அவ்வளவு புழுக்கம். அப்போ சுடலைமுத்துக் கொத்தனாரைக் கூப்பிட்டாரு. அத்தையோட அப்பா, எங்க தாத்தா. “தோட்டத்துல எனக்கொரு கோடை மண்டபம் கட்டு. அதுல நான் தூங்கினாத்தான் நீ ஊருக்குப் போகலாம்”னாரு. ஊர்ல கொத்தனாரு பொண்டாட்டி மசக்கையா இருந்தா.

ம்.

மொதல்ல, மலைமேல வெள்ளைக்காரத் துரை தோட்டத்துல பாத்த மாதிரியே சுத்திலும் கண்ணாடி வச்சு ஒண்ணு. ஜமீன்தார் உள்ள போனாரு, வேர்வை சொட்டுச் சொட்டுனு ஊத்துது.

“கொத்தனாரே, இது மண்டபமா, இட்லிக் கொப்பரையா?”

“துரைக்குக் குளிருது, வெயிலைப் பிடிச்சு வைக்கக் கட்டினாரு. நமக்கு வெயில் தட்டுப்பாடா ஐயா?”

அப்புறம் ஊர்லேர்ந்து ஆள் வந்து, வளைகாப்பு முடிஞ்சுதுன்னான். கொத்தனாரு அவசர அவசரமா, அந்தக் கால ராஜாக்கள் கட்டின மாதிரி குளத்து நடுவுல ஒரு கல் மண்டபம் எழுப்பினாரு. சிலுசிலுன்னு காத்து. ஆனா ஞொய்யின்னு கொசு. மத்தியானம் பூரா ஜமீன்தார் தன்னையே பட்டு பட்டுனு அடிச்சுக்கிட்டாரு.

ம்.

அப்போ மறுபடி ஆள் வந்தான். “இன்னைக்கோ நாளைக்கோ”ன்னான். கொத்தனாரு சுண்ணாம்பு குழைக்கப் போட்ட கொட்டகையில தலையில கைவச்சு உக்காந்துட்டாரு. நாலு பனங்கால், மேல ஓலை, சுவரே கிடையாது. ஜமீன் வீட்டு நாய், ரெண்டு மண்டபத்தையும் மோந்துகூடப் பாக்காதது, மொத நாள்லேர்ந்து அங்கதான் படுக்கும்.

திட்டறதுக்கு வந்த ஜமீன்தார் நாயைப் பாத்தாரு. “தள்ளிப் படு”ன்னாரு. அது தள்ளல. பக்கத்துல சாஞ்சாரு. கொர்ர்... கொர்ர்... எது நாய், எது ஐயான்னு தெரியல.

உத்தரவில்லாம எப்படிப் போறது? எழுப்பினா தூக்கம் போயிடும். கொத்தனாரு காதுகிட்ட குனிஞ்சு, “ஐயா, தூங்குறீங்களா?”ன்னாரு.

கண்ணைத் திறக்காமலே, “ஆமா. போ. பொண்ணா பையனான்னு சொல்லி அனுப்பு.”

கொத்தனாரு குடுகுடுன்னு ஊருக்கு ஓடிப்போய் வீட்டு வாசல்ல நின்னப்ப, உள்ள அத்தை ‘ங்கா’ன்னு அழுதாங்களாம்.

போன மாசம் அத்தைகிட்டக் கேட்டே புட்டேன். “ஏன் அத்தை, தூங்குற மனுஷன் எப்படி ‘ஆமா’ன்னு சொல்லுவாரு?” அதுக்கு அத்தை என்ன சொன்னாங்க தெரியுமா...

தேனு, தூங்கிட்டியா?

“ஆமா.”

சரி. கதையும் படுத்துக்கிச்சு.