நாற்பத்தேழாவது

குழந்தை மருத்துவராக இருபது ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, ஐம்பத்திரண்டாம் வயதில் மாணவனாக ஆய்வகத்துக்கு வந்தவர் அருளப்பன். அவருடைய ஆசிரியை தில்ஷாத், அவரைவிடப் பதினான்கு வயது இளையவர்.

மனித செல்லில் நாற்பத்தாறு குரோமோசோம்கள். நாற்பத்தேழாவதாக ஒன்றை அங்கே கட்டிக்கொண்டிருந்தார்கள். தசை நலிந்து படுக்கையோடு கிடக்கும் செல்வின் என்ற இளைஞனிடமிருந்து எடுத்த செல்களில்தான் சோதனை. அவனிடம் பழுதாகிப்போன மரபணுவின் நல்ல பிரதி அந்தப் புதிய குரோமோசோமில் இருந்தது. ஆனால் செல் இரண்டாகப் பிரியும்போதெல்லாம் புதியது தொலைந்துபோகும். மூன்று வருடமாக இதே கதை.

இந்தத் தடவை தொலையவில்லை. முப்பது முறை பிரிந்தும் அப்படியே இருந்தது.

ஆய்வகமே கைதட்டியது. அருளப்பன் மட்டும் நுண்ணோக்கியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"என்ன டாக்டர்?" என்றார் தில்ஷாத்.

"நாம செஞ்சது அவனுக்குள்ள போய்ச் சேர்ந்தா, அதுக்கப்புறமும் அவன் அவன்தானா மேடம்?"

"அதை ஏன் என்கிட்ட கேக்குறீங்க? அவன்கிட்ட போய்க் கேளுங்க."

அன்று சாயங்காலம் அருளப்பன் செல்வின் வீட்டுக்குப் போனார். செல்வினுக்குப் பத்தொன்பது வயது. கை கால்களில் விரல் நுனிகள் மட்டும்தான் அசையும். அருளப்பன் தயங்கித் தயங்கிக் கேட்டார். செல்வின் பதில் சொல்வதற்குள் அவன் கன்னத்தில் ஒரு கொசு உட்கார்ந்தது. அருளப்பன் விரட்டினார்.

"இதை நானே விரட்டுற அன்னிக்கு, இப்ப இருக்கிறதைவிட நான் நானா இருப்பேன் சார்" என்றான் செல்வின். பிறகு, "எப்போ கிடைக்கும்?" என்று கேட்டான்.

"தெரியலப்பா. பத்து வருஷம் ஆகலாம். கிடைக்காமலே போகலாம்."

செல்வின் ஜன்னல் பக்கம் பார்த்தான்.

மறுநாள் காலை அருளப்பன் கண் சிவந்து தில்ஷாத் முன்னால் வந்து நின்றார்.

"பதில் சொன்னானா?"

"சொன்னான் மேடம். அவன் சொன்னது சரின்னுதான் படுது. ஆனா எனக்குக் குழப்பம் தீரல. முன்னைவிடக் கூடிப்போச்சு. வேற யாராவது இந்த வேலையைப் பார்க்கட்டுமே."

தில்ஷாத் செல் வளரும் கண்ணாடித் தட்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"குழப்பத்தோடயே செய்யுங்க டாக்டர். அப்பத்தான் கை கவனமா இருக்கும்."