முகட்டு வளையம்

மேற்கு மலையடிவாரத்தில் ஒரு மடம். ஆனி பிறந்தால் அங்கே சாரல், ஆடி வந்தால் அடைமழை. அதனால் தியானக் கூடத்தின் ஓட்டுக் கூரையைப் பழைய குரு மிகவும் சரிவாகக் கட்டச் சொல்லியிருந்தார். தண்ணீர் ஒரு நொடி நிற்கக் கூடாது என்பது அவர் எண்ணம். தண்ணீர் நிற்கவில்லை. மேலே ஏறுகிற ஆளாலும் நிற்க முடியவில்லை.

வருஷந்தோறும் வைகாசிக் கடைசியில் தளவாய் அந்தக் கூரையில் ஏறுவான். பாசியைச் சுரண்டி, உடைந்த ஓடுகளை மாற்றுவான். அவன் இடுப்பில் கட்டிய கயிறு முகட்டைத் தாண்டி மறுபக்கச் சரிவில் இறங்கி முற்றத்துக்கு வரும். அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் அவனுடைய அக்கா சுடலைவடிவு.

வடிவு மடத்துச் சிஷ்யை. தாய் தகப்பன் போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். புருஷனும் போன பிறகு மடத்துக்கு வந்தவள். கவலை அவளுக்குப் பசி மாதிரி, வேளாவேளைக்கு வந்துவிடும். அடுப்பு எரிந்தால் கூரையில் தீப்பிடிக்குமோ என்பாள். எரியாவிட்டால் சோறு வேகுமோ என்பாள். பழைய குரு இருந்தபோது அவருக்கு இருமல் வந்தால் பயந்தாள், இருமல் நின்றால் அதைவிடப் பயந்தாள்.

கயிறு பிடிக்கிற நாட்களில் மட்டும் அவளுக்குக் கவலை கிடையாது. தம்பி மறுபக்கச் சரிவில் இருப்பான், கண்ணுக்குத் தெரியமாட்டான். கயிறுதான் அவளுக்குக் கண். அவன் மேலே வந்தால் கயிறு தளரும், உள்ளே இழுத்துக்கொள்வாள். கீழே இறங்கினால் கயிறு கேட்கும், கொடுப்பாள். கவலை அந்த நாட்களில் நெஞ்சிலிருந்து இறங்கிக் கைக்கு வந்துவிடும். கையில் இருக்கிற கவலையைப் பிடித்துக்கொள்ளலாம் அல்லவா?

பழைய குரு சமாதியான பிறகு வந்த குரு வடிவைவிடப் பத்து வயது இளையவர். பனையேறும் குடும்பத்தில் பிறந்தவர். அதிகம் பேசமாட்டார். அவள் அவரைச் சாமி என்பாள். அவர் அவளை அக்கா என்பார். சிஷ்யையைப் போய் அப்படிக் கூப்பிடலாமா என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவர் நிறுத்தவில்லை.

அந்த வருஷம் வைகாசியில் வடிவு ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பினாள். முற்றத்தைப் பெருக்க விளக்குமாற்றை எடுத்தவள் நிமிர்ந்து பார்த்தாள். முகட்டில் வரிசையாக மூன்று இரும்பு வளையங்கள் முளைத்திருந்தன.

ஓடு அடுக்கிக்கொண்டிருந்த தம்பியைப் பிடித்தாள்.

"ஏல, என்னல இது? மாட்டுக்கு மூக்குல மாட்டுன மாதிரி?"

"சாமி போடச் சொன்னாரு. முகட்டு ஓட்டைக் கழட்டி, உள்ளே கூரையைத் தாங்குற கைமரத்துல தகடு வச்சு, போல்ட்டு போட்டு முடுக்கியிருக்கு. நானும் வெல்டரும் தொங்கியே பாத்தாச்சு. இடுப்புல பெல்ட்டு. பெல்ட்டுல இருந்து கயிறு. கயித்துக் கொக்கியை வளையத்துல மாட்டிட்டா முடிஞ்சது."

"அப்போ நான்?"

தளவாய் ஓட்டை அடுக்குவதில் மிகவும் கவனமாக இருந்தான்.

"உன்னைத்தாம்ல கேக்கேன். நான் என்ன செய்ய?"

"நிழல்ல உக்காந்து வெத்தலை போடு. அக்கான்னா அப்படித்தான் இருக்கணும்."

வடிவு விளக்குமாற்றோடு குருவிடம் போனாள். அவர் கிணற்றடியில் வேட்டி துவைத்துக்கொண்டிருந்தார்.

"சாமி, ஒண்ணு கேக்கேன். என் கை என்ன தப்பு செஞ்சுது?"

குரு நிமிர்ந்து பார்த்தார்.

"இத்தனை வருஷத்துல அவன் மேல ஒரு கீறல் உண்டா? பெரிய சாமி இருக்கும்போதே நான்தான் பிடிச்சேன். ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டிருந்தா?"

"வேண்டாம்னு சொல்லியிருப்பேன்."

"அதான் கேக்கல."

"நான் பெத்த பிள்ளை மாதிரி வளர்த்தவன் சாமி அவன். கயிறு அசைஞ்சா அவன் மூச்சே எனக்குத் தெரியும். இந்த இரும்புக்கு என்ன தெரியும்? அதுக்கு அன்பு உண்டா? காது உண்டா? அவன் வழுக்கி, 'யக்கா'ன்னு ஒரு சத்தம் குடுத்தா அதுக்குக் கேக்குமா?"

"கேக்காது."

"பெறகு?"

காலைப் பூசை மணி அடித்தது. வடிவு விளக்குமாற்றைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் கூப்பிக் கண்ணை மூடினாள். உதடு முணுமுணுத்தது. மணி ஓய்ந்ததும் கண்ணைத் திறந்து, விளக்குமாற்றைக் குனிந்து எடுத்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.

"சரி, போட்டது போட்டாச்சு. இந்த வருஷ வேலை முடிஞ்சதும் கழட்டிருங்க. முகட்டைப் பாக்கவே சகிக்கல."

"மழை இந்த வருஷத்தோட நின்னுருமா அக்கா?"

"அடுத்த வருஷத்துக்கு நான் இருக்கேன்ல?"

குரு வேட்டியைப் பிழிந்து உதறினார்.

"அவனைப் பிடிக்கிறதுக்கு ஆள் வேண்டாம், இரும்பு போதும்னா, மடத்துல எனக்கு என்ன சாமி வேலை? நான் மூட்டையைக் கட்டிக்கிடுதேன்."

மிரட்டலாகத்தான் சொல்ல ஆரம்பித்தாள். சொல்லி முடிக்கும்போது அது உண்மையாகிவிட்டது. போவதற்கு அவளுக்கு வேறு இடம் கிடையாது.

குரு வேட்டியைக் கொடியில் விரித்தார். பிறகு சொன்னார்:

"நாளைக்கு நானே மேல ஏறுதேன். நீங்க எனக்குக் கயிறு பிடிங்க."

"சாமி எதுக்கு?"

"உங்க கை மேல உங்களுக்கு நம்பிக்கை இருக்குல்லா?"

"இருக்கு."

"அப்போ பிடிங்க."

மறுநாள் காலையில் குரு வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, முகட்டுவரை சாத்தியிருந்த ஏணியடிக்கு வந்தார். வடிவு அவர் இடுப்புக் கயிற்றைத் தானே முடிந்து, இழுத்துப் பார்த்து, மறுபடியும் இழுத்துப் பார்த்து அனுப்பினாள்.

"மெதுவா சாமி. பாசியில காலை வைக்காதீங்க."

தளவாய் ஏணியடியில் நின்று சிரித்தான். "சாமி பாசியைச் சுரண்டத்தான் போறாரு. பாசியில கால் வைக்காம வானத்துலயா வைப்பாரு?"

"நீ வாயை மூடு."

குரு முகட்டுக்குப் போய்ச் சற்று நேரம் குனிந்து எதையோ செய்தார். வடிவு வளையத்தின் பக்கம் பார்க்கவேயில்லை. பார்ப்பதில்லை என்று நேற்றே முடிவு செய்திருந்தாள். அவர் மறுபக்கச் சரிவில் இறங்கி மறைந்தார்.

பிறகு கயிறு பேச ஆரம்பித்தது. வடிவு காலை அகல ஊன்றிக்கொண்டாள். அவர் இடப்பக்கம் நகர்ந்தால் அவளும் நகர்ந்தாள். கேட்டபோது கொடுத்தாள், தளர்ந்தபோது இழுத்தாள். அந்தப் பக்கம் கொத்துக்கரண்டி ஓட்டில் உரசும் சத்தம் சீராகக் கேட்டது. தம்பியின் கனம் வேறு, சாமியின் கனம் வேறு. கொஞ்ச நேரத்தில் சாமியின் கனமும் அவள் கைக்குப் பழகிவிட்டது. பாரு, என் கை மறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள். இரும்புக்கு இது வருமா?

வெயில் ஏறியது. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. அவள் துடைக்கவில்லை. ஒரு குளவி காதோரம் சுற்றியது. அவள் அசையவில்லை. தளவாய் சொம்பில் மோர் கொண்டு வந்தான்.

"குடிக்கா."

"பெறகு."

"நான் கொஞ்ச நேரம் பிடிக்கவா?"

"நீ பிடிச்சு சாமிக்கு ஒண்ணு ஆனா நான் யார்ட்ட போய்ப் பதில் சொல்ல? போல அங்கிட்டு."

அப்போது கயிறு நன்றாக இறுகியது. குரு சரிவின் அடிவரைக்கும் இறங்கி, கயிற்றில் முழுக்கச் சாய்ந்து வேலை செய்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. அவள் மூச்சை அடக்கிப் பிடித்தாள். உள்ளங்கை எரிந்தது. எரியட்டும் என்று இருந்தாள்.

உச்சிப் பூசை மணி அடித்தது.

டாண், டாண் என்று மலைவரைக்கும் போய்த் திரும்பி வந்தது சத்தம். வடிவு கண்ணை மூடினாள். "அப்பா, எல்லாரையும் காப்பாத்து" என்றாள். தம்பியைச் சொன்னாள். இளைய சாமியைப் பெயர் சொல்லாமல் சொன்னாள். மணி ஓய்ந்ததும் கண்ணைத் திறந்தாள்.

இரண்டு கையும் நெஞ்சுக்கு நேரே கூப்பியிருந்தன.

கயிறு இல்லை.

நிமிர்ந்து பார்த்தாள். கயிற்றின் வால் முகட்டைத் தாண்டி மறைந்துகொண்டிருந்தது.

அவள் போட்ட சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கைகள் எல்லாம் எழும்பின. சேலையை வாரிக்கொண்டு கூடத்தைச் சுற்றி ஓடினாள். ஒரு செருப்பு வழியில் போயிற்று. மறுபக்கம் தரையைத்தான் முதலில் பார்த்தாள். தரையில் சுரண்டிப் போட்ட பாசி மட்டும் கிடந்தது. அதன் மேல் அவள் கயிற்றின் வால் சுருண்டு விழுந்திருந்தது.

பிறகுதான் மேலே பார்த்தாள்.

குரு சரிவின் அடியில், இரண்டு காலையும் ஓட்டில் ஊன்றி, பின்னால் சாய்ந்தபடி, பாசி சுரண்டிக்கொண்டிருந்தார். அவர் இடுப்பில், அவள் கட்டிய கயிற்றுக்கு மேல், ஒரு பெல்ட்டு. பெல்ட்டிலிருந்து மேலே போன கயிறு நடு வளையத்தில் விறைத்து நின்றது. வளையம் அசையவில்லை.

வடிவு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தளவாய் பின்னாலேயே ஓடி வந்தான். மோர்ச் சொம்பு இன்னும் அவன் கையில் இருந்தது.

"ஒண்ணும் ஆகலக்கா. பாரு, சாமி மேலதான் இருக்காரு. மோரைக் குடி."

"விட்டுட்டேம்ல. கயித்தை விட்டுட்டேன்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லையா? இன்னைக்குத்தான் இப்படி ஆச்சு. வெயிலுல கை வேர்த்து..."

தளவாய் சொம்பை மறு கைக்கு மாற்றினான். வடிவு அவன் முகத்தைப் பார்த்தாள். வளர்த்த முகம். அதில் எது ஒளிந்திருந்தாலும் அவளுக்குத் தெரியும்.

"ஏல. நீ மேல இருக்கும்போது உச்சி மணி அடிச்சா முகட்டுல ஏறி உக்காந்துக்கிடுவீயே. ரெண்டு பக்கமும் காலைப் போட்டு, குதிரை மேல உக்காந்த மாதிரி."

"ஆமா."

"பக்தின்னுல்லா நினைச்சேன். கூரை மேல இருந்தாலும் மணியை மதிக்கானே, என் வளர்ப்புன்னுல்லா ஊரெல்லாம் சொன்னேன்."

"பக்தியும் உண்டு."

"உண்மையைச் சொல்லுல."

தளவாய் சொம்பைக் கீழே வைத்தான்.

"முத வருஷமே பாத்துட்டேன்கா. மணி அடிச்சதும் கயிறு கீழ விழுந்துரும். நீ கும்பிட்டு முடிச்சு எடுத்துக்கிடுவ. அது விழுந்ததுகூட உனக்குத் தெரியாது. அதுல இருந்து, வெயிலைப் பாத்து, மணி அடிக்க முன்னாலயே முகட்டுக்கு வந்துருவேன்."

"ஏம்ல சொல்லல?"

"சொன்னா என்ன செய்வ? அடுத்த மணிக்குக் கும்பிடாம நிப்ப. பெறகு சாமி குத்தம் ஆயிருச்சுன்னு ஒரு வாரம் சோறு திங்க மாட்ட. உன்னை யாரு சமாளிக்க? போன வருஷம் மேகம் மூடியிருந்துச்சு, நேரம் தெரியல. மணி அடிக்கும்போது சரிவுல இருந்தேன். ஓட்டைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தேன். சாமி பாத்துட்டாரு. அவ்வளவுதான்."

வடிவு தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தாள். கயிறு உரசிய கோடு இரண்டிலும் சிவப்பாக இருந்தது. கையை விட்டுக் கயிறு ஓடியபோது எரிந்திருக்க வேண்டும். அவளுக்கு அது தெரியவேயில்லை.

குரு கொக்கியைக் கழற்றாமலே ஏணிவரை வந்து, ஏணியில் காலை வைத்துப் பிடித்துக்கொண்ட பிறகு கழற்றி இறங்கினார். கை கால் எல்லாம் பாசி. கீழே இருந்த மோரை எடுத்து ஒரு மிடறு குடித்தார். மீதியை அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. அவர் காலடியில் கிடந்த கயிற்றைப் பற்றிக்கொண்டாள்.

"சாமி, இனிமே மணி அடிச்சா கும்பிட மாட்டேன். இது சத்தியம். காதுல பஞ்சை வச்சுக்கிடுதேன். இந்த ஒரு தடவை மன்னிச்சு, என் கையில திருப்பிக் குடுங்க."

"பஞ்சு வச்சா தம்பி கூப்பிடுறது கேக்குமா?"

அவள் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

தளவாய் குரு கழற்றி வைத்த பெல்ட்டை மெதுவாக எடுத்துத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டான். ஏணியில் ஏறினான். முகட்டில் கொக்கி வளையத்தில் மாட்டுகிற சத்தம் கீழே வரைக்கும் கேட்டது.

வடிவு அந்தச் சத்தம் வந்த திசையைப் பார்த்தபடி கேட்டாள்: "அப்போ என் கை எதுக்கு சாமி?"

"இப்போ என்ன செஞ்சுது உங்க கை?"

"கும்பிட்டுச்சு."

"யாருக்காக?"

அவள் கூரையைக் காட்டினாள். பிறகு, கொஞ்சம் தயங்கி, அவரையும் காட்டினாள்.

குரு அவள் கையிலிருந்த கயிற்றை மெல்ல வாங்கி, சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இரும்புக்குக் காது இல்லைன்னு நேத்து சொன்னீங்களே அக்கா. அதனாலதான் அதைப் போட்டேன்."