வீடு சொன்ன பதில்

அந்தக் காலத்தில் வீடுகளுக்கு உயிர் இருந்தது. கால் என்றால் நிஜமான கால். வெயில் ஏறினால் வீடு நாலடி நகர்ந்து வேப்பமர நிழலில் நின்றுகொள்ளும். முகப்பு என்றால் நிஜமான முகம். பிடிக்காதவர் வந்தால் சுளிக்கும். வாயில் வழியாகப் பேசும், வம்பும் அளக்கும்.

பூவாத்தாளின் வீட்டுக்கு வாய் கொஞ்சம் நீளம். தினமும் உச்சிவேளையில் அவள் வெளியே வந்து, காட்டில் உழும் கணவனை, "காடையா, சோறு ஆறுது" என்று பேர் சொல்லிக் கூப்பிடுவாள். அப்போதெல்லாம் எல்லா மனைவிமாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

"ஊருக்கெல்லாம் அவன் பேரை இறைக்காதே, பூவாத்தா" என்று வீடு கிண்டல் செய்யும். என் புருஷன், என் தொண்டை, உனக்கென்ன என்பாள் அவள்.

அந்தக் கோடையில் ஏதோ ஒன்று அந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. அதைப் பார்த்தவர் இல்லை. யாராவது யாரையாவது கூப்பிட்டால், அந்தக் குரலையும் பேரையும் அது கற்றுக்கொள்ளும். மறுநாள் உச்சிவேளையில் அதே குரலில் மூன்று முறை கூப்பிடும். "ஏன்?" என்று பதில் சொன்னவர் எழுந்து போவார். முதலில் போனவன் அதே தெருவில் இருந்த சடையன். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. அவன் காலடித் தடம் தெருவின் நடுவரை போய், அங்கேயே முடிந்திருந்தது.

இனி கூப்பிடுவதில்லை என்று பூவாத்தாள் முடிவு செய்தாள். ஆனால் மறுநாள் சோற்றை வடித்து நிமிர்ந்ததும், பழக்கத்தில் நாக்கு தானாகக் கூப்பிட்டுவிட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பனைமரங்களுக்கு அப்பால், அவள் குரலிலேயே, யாரோ அந்தப் பேரை ருசி பார்ப்பதுபோல மெல்ல ஒருமுறை சொன்னார்கள்.

அடுத்த நாள் அவள் காடையனை வெளியே விடவில்லை. உச்சிவேளை வந்தது. காக்கைகள் அடங்கின.

"காடையா, சோறு ஆறுது."

பூவாத்தாளின் உதடு அசையவில்லை. காடையன் அவளைப் பார்த்தபடியே எழுந்தான்.

"நான் இங்கேதான் இருக்கேன்" என்றாள்.

"தெரியுது. ஆனா கூப்பிடறதும் நீதானே."

அவனை இழுத்து உட்காரவைத்து வாயைப் பொத்தினாள். இரண்டாம் முறை குரல் தெருவிலிருந்து வந்தது. அவன் சொல்ல வேண்டிய பதில் சூடாக அவள் உள்ளங்கையை முட்டியது. இன்னொரு முறை கூப்பிட்டால் தன் கை தாங்காது என்று அவளுக்குத் தெரிந்தது. ஏதாவது செய் என்று வீட்டிடம் அழுதாள்.

"அதுக்கு வேண்டியது ஒரு பதில்" என்றது வீடு. "யார் சொன்னதுன்னு அது பார்க்காது."

"நீ சொன்னா உன்னையில்ல கொண்டுபோயிடும்?"

"என்னைத் தூக்க ஆள் வேணுமே. காலை மண்ணுல ஊன்றிக்கிறேன், பார்ப்போம்."

மூன்றாவது குரல் நிலைக்கு வெளியே கேட்டது. வீடு வாயை அகலத் திறந்து, "ஏன்?" என்றது.

சுவர்கள் நடுங்கின. கூரையிலிருந்து மண் உதிர்ந்தது. எதுவோ இழுத்தது; கால்கள் விடவில்லை. போனது வீட்டின் பேச்சு மட்டும்தான். அது முணுமுணுத்துக்கொண்டே காட்டைத் தாண்டிப் போவதை இருவரும் கேட்டார்கள். வெகு தூரத்தில் ஒருமுறை அது, "பூவாத்தா" என்றது.

பதில் சொல்லிவிடாதபடி அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஊன்றிய கால்கள் மண்ணிலேயே இறுகிவிட்டன, முகப்பு அசையாமல் உறைந்திருந்தது. திறந்த வாய் திறந்தபடியே நின்றது. அந்தக் கோடை முடிவதற்குள் மற்ற வீடுகளும் இப்படியே தங்கள் ஆட்களுக்காகப் பதில் சொல்லிவிட்டு ஊமையாயின.

தன் வீடு ஊமையான மறுநாள் மதியம், காட்டுப் பக்கம் போன ஒருத்தியிடம் பூவாத்தாள் கணவன் பேரைச் சொல்ல வந்து, விழுங்கிக்கொண்டாள். நிலைக்காலைத் தொட்டபடி, "எங்க வீட்ல இன்னும் சாப்பிடலை, வரச் சொல்லுக்கா" என்றாள். அக்காவுக்குப் புரிந்தது. ஒளிந்து கேட்டுக்கொண்டிருந்ததற்குப் புரியவில்லை. அடுத்த உச்சிவேளையில் அது வந்து, வீட்டையே மூன்று முறை கூப்பிட்டது. திறந்த வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அது திரும்பிப் போயிற்று.

அன்று முதல்தான் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பேர் சொல்லாமல் "எங்க வீட்ல" என்கிறார்கள். நமக்காகக் குரலைக் கொடுத்துவிட்ட வீட்டுக்கு நம் குரலையே கொடுத்து, உள்ளே நாம் சிரித்தால் வீடு சிரித்தது என்றும், அழுதால் வீடு அழுதது என்றும் சொல்கிறோம்.