ஏழு கிலோவும் ஒரு தலையணையும்

கான்ட்ராக்டர் தண்டபாணி ஒரு மனை பார்க்கத் தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குக் கிளம்பினார். இருப்பதிலேயே மலிவான விமானத்தில் தமக்கும் கொத்தனார் மாசானத்துக்கும் டிக்கெட் போட்டிருந்தார். ஆளுக்கு ஒரே பை, ஏழு கிலோதான். தண்டபாணியிடம் இரண்டு பைகள் இருந்தன. மாசானத்திடம் ஒரு தலையணை மட்டும். சென்னையில் நர்சிங் படிக்கும் அவர் மகள், அது இல்லாமல் விடுதியில் உறக்கமே வரவில்லை என்று போனில் அழுதிருந்தாள்.

“ஏல, அதக் குப்பையில போடு. இந்தப் பையத் தூக்கிக்கோ. கேட்டா உன்னுதுன்னு சொல்லு.”

“சரி மொதலாளி,” என்றார் மாசானம். விமான நிலைய வரிசையில் முன்னால் நின்றவர்களிடம் கவுண்ட்டர் பெண் கேட்டதையெல்லாம் அவர் காதில் வாங்கியிருந்தார்.

தலையணையைக் கக்கத்தில் இடுக்கியபடியே பையைத் தூக்கிக்கொண்டார். அவர் முறை வந்தது.

“பையை நீங்களே அடுக்கினீங்களா?”

“என்னுதுன்னு சொல்லச் சொன்னாவ தாயி, சொல்லிட்டேன். உள்ள என்ன இருக்குன்னு மொதலாளியத்தான் கேக்கணும்.”

காவலர் வந்து எல்லார் முன்னாலும் பையைத் திறந்தார். நாலு ஊர் ஓட்டல்களின் பெயர் தைத்த எட்டுத் துண்டுகள் வெளியே வந்தன. வரிசையே சிரித்தது.

“அடுக்கினவர்தான் கொண்டுபோகணும் சார்,” என்று அந்தப் பெண் பையைத் தண்டபாணி பக்கம் தள்ளினாள். தலையணையைத் தட்டிப் பார்த்து அனுப்பிவிட்டாள்.

மகள் விடுதிக்குப் போனபின் இந்த நாலு மாதமும் மாசானம் அதில்தான் தலைவைத்துப் படுத்தார். அவளுடைய எண்ணெய் வாசனை அதில் இன்னும் மிச்சமிருந்தது.

“ஐயா, அதை மேலே வைக்கட்டுமா?” என்றாள் விமானப் பணிப்பெண்.

“மடியிலயே இருக்கட்டும் தாயி. எறங்குனதும் குடுத்துரணும்.”