ஆண்டாயி குறுக்கே நின்ற நாள்

அந்தக் காலத்தில் எறும்புகள் வாய்விட்டுப் பேசும். ஒரு நாள், வேலமரத்தடிப் புற்றின் உள்ளறையில் ஆண்டாயி என்ற எறும்பு கம்பு மணிகளின் முளையைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தாள். முளையை விட்டுவைத்தால் ஈரத்தில் துளிர்த்து மணி கெட்டுவிடுமே, அதற்காக.

அந்த வேலை அவளுக்குப் பிடிக்கவே இல்லை. மூன்று மழைக்காலம் பார்த்தவள் வெளியே போகக் கூடாது என்று புற்றில் சட்டம். மீசையில் மோப்பம் மங்கிவிடுமாம், வரிசையாகப் போகும் எறும்புச் சாரையில் போனால் வழி தவறிவிடுமாம். உள்ளே கிடப்பவளுக்கு அரைக் கம்பு மணிதான் சாப்பாடு.

"நான் தூக்கியாந்த மணியிலதான் இந்த அறையே நெறஞ்சுது. எனக்கு அரை மணியா?" என்று கேட்பாள்.

வாசல் காவலுக்கு நிற்கும் வீரம்மா சிரிப்பாள். "அந்த மீசைய வச்சுக்கிட்டு எங்க போகப் போறீங்க பெரியம்மா? அரை மணியே உங்களுக்குச் செரிக்காது."

அன்று விடியலில் பெய்த மழை, வழியில் இருந்த வாடையை எல்லாம் கழுவிவிட்டது. மழை விட்டதும் கிளம்பிய சாரை வெகுநேரமாகியும் திரும்பவில்லை. வீரம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஆண்டாயி மணியைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். "தள்ளுடி."

"சட்டம், பெரியம்மா..."

"அரை மணி திங்கிறவளுக்கு அரைச் சட்டம் போதும்" என்று சொல்லி, வீரம்மாவின் காலுக்கு நடுவே புகுந்து போய்விட்டாள்.

களத்துமேட்டில் சாரை வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. முன்னால் போகிறவளின் வாடையைப் பிடித்தே நடந்து பழகியவர்கள். வழியில் வாடை இல்லாமல் போகவே, முதல் ஆள் கடைசி ஆளின் வாடையைப் பிடித்துவிட்டாள். அவ்வளவுதான். நாலைந்து பேர் சோர்ந்து விழுந்தும்விட்டார்கள். நிற்கத்தான் ஒருத்திக்கும் தெரியவில்லை.

ஆண்டாயியை அந்த வாடை இழுக்கவில்லை. அவளுக்குத்தான் மோப்பம் இல்லையே! மோப்பம் மங்கிய நாளிலிருந்து, வெயில் முதுகில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தே நடந்தவள் அவள். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

குறுக்கே போய் நின்றாள். முட்டினார்கள், மிதித்தார்கள். அசையவில்லை. மோதிய ஒவ்வொருத்தியின் முகத்தையும் மீசையால் தொட்டு, "நான் ஆண்டாயி. என் பின்னால வா" என்றாள்.

சுமந்த மணியைப் போட்டுவிட்டு, விழுந்தவர்களைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் அவள் பின்னாலேயே வீடு வந்து சேர்ந்தார்கள்.

வீரம்மா ஒரு முழு மணியை நீட்டினாள். "இனிமே உள்ள உக்காந்து சாப்பிடுங்க பெரியம்மா."

"முழு மணி என் பங்கு, வாங்கிக்கிறேன். உக்காரத்தான் மாட்டேன். நாளைக்கு இன்னொருத்தி மூணு மழை பாத்துட்டு வந்து நின்னா, அவளையும் நீ உள்ள உக்கார வச்சு..."

"பெரியம்மா! களத்துல போட்டுட்டு வந்த மணியெல்லாம் அப்படியே கெடக்கு, முன்னால வாங்க!" என்று சாரை கூப்பிட்டது. ஆண்டாயி பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினாள்.

அன்று முதல்தான் எறும்புகள் எதிரே வருகிறவளின் முகத்தைத் தொட்டுப் பார்க்காமல் தாண்டுவதில்லை. மூன்று மழைச் சட்டமும் அன்றோடு போயிற்று; இப்போது புற்றைவிட்டு வெளியே வந்து வெயிலில் தலை நிமிர்ந்து நடப்பவளும் வயசானவள்தான்.